மின்கலத்தில் யூரியா: அந்த 16 எலக்ட்ரான்களுக்கு யார் விலை கொடுப்பது?

குவளை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நான் மின்வேதியியலில் ஆய்வு செய்துவரும் மாணவி. கார்பன் டை ஆக்சைடையும் நைட்ரேட்டையும் ஒரே எதிர்மின்முனையில் ஒடுக்கி (அதாவது எலக்ட்ரான்களை ஏற்கச் செய்து), அறை வெப்பநிலையிலேயே யூரியா உண்டாக்கும் முறையைப் பற்றி இக்களத்தில் இதுவரை யாரும் விரிவாகப் பேசவில்லை என்பதால் இவ்விழையைத் தொடங்குகிறேன்.

அடிப்படை வினை இதுதான்: ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் இரண்டு நைட்ரேட் அயனிகளும் 18 புரோட்டான்களையும் 16 எலக்ட்ரான்களையும் ஏற்று, ஒரு யூரியா மூலக்கூறையும் ஏழு நீர் மூலக்கூறுகளையும் தருகின்றன. எண்ணம் புதியதன்று. ஜப்பானில் ஷிபாட்டா, யோஷிடா, ஃபுருயா ஆகிய மூவரும் 1990களிலேயே வாயு விரவல் மின்முனைகளில் (நுண்துளைகள் வழியே வாயுவை உள்ளே விடும் மின்முனைகள்) பல உலோகங்களை ஏற்றிச் சோதித்து, யூரியா உருவாவதைக் காட்டியிருந்தார்கள். அதன்பின் நெடுங்காலம் அதைப் பெரிதாக யாரும் தொடரவில்லை. 2020இல் சீனாவின் ஹுனான் பல்கலைக்கழகக் குழு, பல்லேடியம்-தாமிரக் கலவைத் துகள்களை டைட்டானியம் டை ஆக்சைடு நுண்தகடுகள் மீது வைத்து, நைட்ரஜன் வாயுவையும் கார்பன் டை ஆக்சைடையும் இணைத்து யூரியா பெற்றதாக அறிவித்தது. ஃபாரடே திறன், அதாவது செலுத்திய எலக்ட்ரான்களில் யூரியாவுக்குச் சென்ற பங்கு, 8.92 சதவீதம். 2021இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, இண்டியம் ஹைட்ராக்சைடு வினையூக்கியில் நைட்ரேட்டிலிருந்து 53.4 சதவீதம் கண்டது. 2023இல் துத்தநாகமும் தாமிரமும் கலந்த வினையூக்கியில் 75 சதவீதம் வரை எட்டியிருக்கிறார்கள்.

இந்த எண்கள் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது, உயர் அழுத்தமும் உயர் வெப்பமும் கேட்கும் உர ஆலைகளுக்கு இது மாற்றாக வரும் என்று பல கட்டுரைகளின் முன்னுரைகள் எழுதுவது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் ஆலையிலும் வயலிலும் இருப்பவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

பழைய_அமிலம்:

நான் உர ஆலை ஒன்றில் அம்மோனியாப் பிரிவிலும் யூரியாப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். குவளை அவர்கள் கேட்டதற்கு நேரடியாக வருகிறேன்.

இன்றைய யூரியா ஆலை 1922இல் காப்புரிமை பெற்ற போஷ்-மைசர் முறையின் வழித்தோன்றல். இரண்டு அம்மோனியாவும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் சுமார் 180 முதல் 200 பாகை வெப்பத்திலும் 150 பார் அழுத்தத்துக்கு மேலும் சேர்ந்து அம்மோனியம் கார்பமேட் ஆகின்றன. கார்பமேட் ஒரு நீர் மூலக்கூறை இழந்து யூரியா ஆகிறது. அந்தக் கார்பமேட் கரைசல் எஃகை அரிக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் வெளியில் இருப்பவர்கள் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. யூரியாப் பிரிவு ஆற்றலை அதிகம் உண்பதில்லை. ஆற்றல் போவது அம்மோனியாவில், அதிலும் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் இடத்தில். நமக்குத் தேவையான கார்பன் டை ஆக்சைடும் அதே இடத்தில்தான் துணைவிளைபொருளாகக் கிடைக்கிறது.

இப்போது என் கேள்வி. உங்கள் மின்கலத்துக்கு நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? தொழில்துறையில் நைட்ரேட் என்றால் நைட்ரிக் அமிலம். நைட்ரிக் அமிலம் என்றால் ஆஸ்ட்வால்ட் முறை. ஆஸ்ட்வால்ட் முறை என்றால் பிளாட்டினம்-ரோடியம் வலையின் மேல் எரிக்கப்படும் அம்மோனியா. ஒரு அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது எட்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. இரண்டுக்கு 16. அதே 16 எலக்ட்ரான்களைத்தான் நீங்கள் மின்சாரம் கொடுத்துத் திருப்பி ஏற்றுகிறீர்கள். அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் நேரடியாகச் சேர்த்தால் ஒரு எலக்ட்ரான்கூடத் தேவையில்லை.

குவளை:

ஐயா, நன்றி. கட்டுரைகள் பெரும்பாலும் பொட்டாசியம் நைட்ரேட்டைப் புட்டியிலிருந்து எடுத்துப் போடுகின்றன என்பது உண்மை. ஆனால் முன்வைக்கப்படும் நோக்கம் வேறு: உரம் கழுவி இறங்கிய நிலத்தடி நீர், எஃகை நைட்ரிக் அமிலத்தில் சுத்தம் செய்யும் ஆலைகளின் கழிவுநீர், வெடிமருந்து ஆலைக் கழிவு, அணு எரிபொருள் மறுசுழற்சியில் வரும் நைட்ரேட் மிகுந்த கரைசல் ஆகியவை. நான் சொன்ன 75 சதவீத ஆய்வும் லிட்டருக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கழிவுநீரைக் கருத்தில் கொண்டதே. மற்றொரு வழி, காற்றைப் பிளாஸ்மாவில் செலுத்தி நைட்ரஜன் ஆக்சைடுகளாக்கி நீரில் கரைப்பது. அதற்கும் மின்சாரம் நிறைய வேண்டும் என்பதை மறுக்கவில்லை.

கணக்கன்:

16 எலக்ட்ரான் என்பதை யூனிட்டுகளாக மாற்றிப் பார்த்தால் விவாதம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

யூரியாவின் மூலக்கூறு எடை 60. ஒரு கிலோவில் 16.7 மோல், ஒவ்வொரு மோலுக்கும் 16 ஃபாரடே (ஒரு ஃபாரடே என்பது ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்சுமை). பெருக்கினால் கிலோவுக்கு சுமார் 7,150 ஆம்பியர்-மணி. மின்கலத்தின் மொத்த மின்னழுத்தம் 2.5 வோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எதிர்ப்புறத்தில் ஆக்சிஜன் வெளியேற்றும் நேர்மின்முனையின் மிகையழுத்தமும் (வினை ஓடக் கூடுதலாகத் தர வேண்டிய மின்னழுத்தம்) கரைசலின் மின்தடையும் இதற்குள் அடங்க வேண்டும். ஃபாரடே திறன் 100 சதவீதம் என்றாலும் கிலோவுக்கு 18 யூனிட் செலவாகும். 50 சதவீதம் என்றால் 36 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று கொண்டால் ஒரு கிலோ யூரியாவின் மின்செலவு மட்டும் 200 ரூபாயைத் தாண்டுகிறது. இந்தியாவில் விவசாயி 45 கிலோ மூட்டையை வாங்கும் மானிய விலை 266 ரூபாய் 50 காசு. மானியத்தை நீக்கி உலகச் சந்தை விலையில் பார்த்தாலும் இடைவெளி பல மடங்குதான்.

இதற்கு நேராக இன்றைய ஆலையை வைப்போம். இந்திய அரசின் 2015 யூரியாக் கொள்கை திறன் மிக்க ஆலைகளுக்கு வைத்த ஆற்றல் வரம்பு டன்னுக்கு 5.5 கிகாகலோரி. அது கிலோவுக்கு 6.4 யூனிட்டுக்குச் சமம். எரிவாயுவின் யூனிட்டும் மின்சாரத்தின் யூனிட்டும் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ளவும்.

எரிவாயுவே வேண்டாம் என்றாலும் பசுமை அம்மோனியா வழி இருக்கிறது. நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுத்து, அம்மோனியா ஆலையின் பழைய ஹேபர் கலனிலேயே நைட்ரஜனோடு சேர்த்தால், ஒரு யூரியாவுக்குத் தேவையான இரண்டு அம்மோனியாவுக்கு ஆறு எலக்ட்ரான்கள் போதும். இரண்டு வோல்ட்டில் கணக்கிட்டால் கிலோ யூரியாவுக்கு 5.4 யூனிட், அழுத்தவும் காற்றைப் பிரிக்கவும் மேலும் சற்று. ஆக 16க்கு 6. எந்த வினையூக்கி வந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது, ஏனெனில் இது நைட்ரேட்டின் இயல்பு, வினையூக்கியின் குறை அன்று.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். இண்டியம் ஹைட்ராக்சைடு ஆய்வில் அறிவிக்கப்பட்ட வேகம், ஒரு மில்லிகிராம் வினையூக்கிக்கு மணிக்கு 533 மைக்ரோகிராம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மில்லிகிராம் பூசியிருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் மின்முனை மணிக்கு 5.3 கிராம் தரும். இரவு பகல் ஓடினால் ஒரு மூட்டை நிரம்பக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு.

கரிசல்மண்:

வேளாண் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நைட்ரேட் கழிவு அல்ல, அதுவே உரம். பயிரின் வேர் நேரடியாக உறிஞ்சும் நைட்ரஜன் வடிவங்களில் முதன்மையானது நைட்ரேட். யூரியாவை வயலில் இட்டால் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி அதைச் சில நாட்களில் அம்மோனியமாக உடைக்கிறது. பிறகு நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் போன்ற நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதாவது நீங்கள் மின்கலத்தில் காசு கொடுத்து ஏற்றிய 16 எலக்ட்ரான்களையும் காற்றோட்டமுள்ள மண் சில வாரங்களில் இறக்கிவிடும். தேங்கிய நீருள்ள நெல் வயலில் மட்டும் கதை வேறு. அங்கே நைட்ரேட் இட்டால் நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும், அம்மோனிய வடிவமே பொருந்தும்.

ஆகவே கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்திருந்தால் விவசாயிக்குச் சொல்ல வேண்டியது எளிது: அந்த நீரைப் பாய்ச்சும்போது அதில் வரும் நைட்ரஜனைக் கணக்கிட்டு உரத்தைக் குறையுங்கள். இதற்கு மின்முனை வேண்டாம், ஒரு நீர்ப்பரிசோதனை போதும்.

குவளை:

கரிசல்மண் அவர்களே, வயல் அருகிலேயே இருக்கும் கிணற்றுக்கு உங்கள் வழியே சிறந்தது என்பதை ஏற்கிறேன். குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. அந்த அளவு நீரை மின்கலத்தில் விட்டால் கிடைக்கும் யூரியா ஒரு லிட்டருக்கு 22 மில்லிகிராம்தான், அதுவும் முழுவதும் மாறினால். ஆலைக் கழிவுநீரின் நிலை வேறு. கன உலோகங்களும் அமிலமும் கலந்த அதை வயலில் விட முடியாது. அங்கே நைட்ரேட்டை நீக்கியே ஆக வேண்டும்.

பழைய_அமிலம்:

நீக்கியே ஆக வேண்டும் என்றால் பாக்டீரியாக்கள் இருக்கின்றனவே. மெத்தனாலைக் கொஞ்சம் ஊற்றினால் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி அனுப்பிவிடும். ஊதியம் கேட்காத தொழிலாளர்கள்.

நிறமானி:

இதுவரை எல்லோரும் அறிவிக்கப்பட்ட திறனை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் பகுப்பாய்வு வேதியியல் பக்கத்திலிருந்து வருகிறேன். என் ஐயம் அந்த எண்களிலேயே தொடங்குகிறது. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளவும், ஏனெனில் இத்துறையில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

யூரியாவை அளக்கப் பெரும்பாலோர் பயன்படுத்துவது இரண்டு முறைகள். முதலாவது டையசிட்டைல் மோனாக்சைம் முறை. அமிலத்தில் சூடாக்கினால் யூரியாவோடு சேர்ந்து இளஞ்சிவப்பு நிறம் வரும். 525 நானோமீட்டர் அருகில் ஒளி உறிஞ்சுதலை அளப்பார்கள். மருத்துவ ஆய்வகங்களில் இரத்த யூரியாவுக்காக வளர்ந்த முறை அது. இரத்தத்தில் நைட்ரைட் இத்தனை இருக்காது. ஆனால் நைட்ரேட்டை ஒடுக்கும் மின்கலத்தில் முதலில் பிறப்பதே நைட்ரைட்தான். அமிலத்தில் நைட்ரைட் நைட்ரஸ் அமிலமாகி யூரியாவையே தின்றுவிடும். இரண்டும் சேர்ந்து நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடுமாக வெளியேறும். ஆக, மின்கலம் உண்டாக்கிய யூரியா சோதனைக் குழாயில் அழிகிறது. நைட்ரைட்டின் அளவு மாதிரிக்கு மாதிரி மாறுவதால் பிழையும் மாறிக்கொண்டே இருக்கும். நைட்ரைட்டை முன்கூட்டியே நீக்கினால் ஓரளவு சரியாகும், ஆனால் நீக்கியதற்கான சான்றைக் கட்டுரையில் காட்ட வேண்டும்.

இரண்டாவது யூரியேஸ் முறை. நொதி ஒரு யூரியாவை இரண்டு அம்மோனியாவாக உடைக்கும்; உடைப்பதற்கு முன்னும் பின்னும் அம்மோனியாவை அளந்து வித்தியாசத்தைப் பாதியாக்குவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மின்கலங்களில் முக்கிய விளைபொருள் பல வேளைகளில் அம்மோனியாதான். நெல் ஏற்றிய லாரியை இருமுறை எடைமேடையில் நிறுத்தி, கழித்துப் பார்த்து ஓட்டுநரின் சட்டைப்பையிலுள்ள சில்லறையின் எடையைக் கண்டுபிடிப்பதைப் போன்றது அது. கழிக்கப்படும் இரண்டு பெரிய எண்களிலும் இரண்டு சதவீதப் பிழை இருந்தால், மிச்சமாக வரும் யூரியாவுக்குப் பொருளே இல்லை. கரைசலில் கசிந்த தாமிர அயனிகள் யூரியேஸை முடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கட்டுரையை நம்புவதற்கு முன் தேடுவது இவை: நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) கொண்ட நைட்ரேட்டை இட்டு, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் யூரியாவின் புரோட்டான் சிகரம் இரட்டையாகப் பிளந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்த அளவும் நிறமுறை அளவும் ஒத்துப்போக வேண்டும். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் செலுத்தியபோது யூரியா சுழியமாக வேண்டும். மின்னோட்டம் இல்லாமல் அதே நேரம் வைத்திருந்த கரைசலும் சுழியம் காட்ட வேண்டும்.

மதகு:

நிறமானி அவர்களே, அப்படியானால் நைட்ரஜன் வாயுவிலிருந்தே யூரியா என்ற 2020ஆம் ஆண்டு அறிவிப்பை எப்படிப் பார்ப்பது? அது நிலைத்தால் நைட்ரேட் கேள்வியே எழாதே.

நிறமானி:

கூடுதல் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 941 கிலோஜூல் வேண்டும். நீரிலோ நைட்ரஜன் மிக அரிதாகவே கரைகிறது. நீங்கள் குறிப்பிட்ட ஆய்வில் குறை உண்டு என்று சொல்லவில்லை. ஆனால் நைட்ரஜனை மின்னாற்றலால் அம்மோனியாவாக்கும் துறையில், காற்றிலும் வாயு உருளையிலும் வினையூக்கியிலும் ஒட்டியிருந்த நைட்ரேட்டும் நைட்ரஜன் ஆக்சைடும் பலரை ஏமாற்றின. அதனால்தான் 2019இல் ஐசோடோப்பு அளவீட்டை வற்புறுத்தும் கடுமையான நெறிமுறை ஒன்றே வெளியானது. நைட்ரேட் வழியில் அந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் நாமே நைட்ரேட்டை இடுகிறோம்.

உப்பளத்தான்:

காஸ்டிக் சோடா ஆலையில் சவ்வு மின்கலங்களைப் பராமரிப்பது என் தொழில். எங்கள் கலங்கள் சதுர மீட்டருக்கு 5,000 ஆம்பியர் வரை ஓடுகின்றன, சவ்வு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். உவர்நீரில் கால்சியமும் மக்னீசியமும் கோடியில் சில பங்கு மிஞ்சினாலே சவ்வு பாழாகிவிடும். நீங்கள் கழிவுநீரை அப்படியே கலத்தில் விடுவோம் என்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சவ்வின் நினைவுதான் வந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஒன்று, எதிர்மின்முனை புரோட்டான்களை விழுங்கிக்கொண்டே இருப்பதால் அதன் அருகில் கரைசல் காரமாகும். அங்கே வரும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் மாறி வினைக்கு உதவாமல் போகும். வாயு விரவல் மின்முனை என்றால் அந்த உப்பு துளைகளிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு, யூரியாவைக் கரைசலிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள்? லிட்டருக்கு ஒரு கிராம் இருந்தால், ஒரு கிலோவுக்கு ஒரு டன் நீரை ஆவியாக்க வேண்டும். ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 630 யூனிட் வெப்பம். பல படி ஆவியாக்கியில் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் 60க்கு மேல். கணக்கன் அவர்கள் சொன்ன 18 யூனிட் இதன் பக்கத்தில் சிறியதாகிவிடுகிறது.

கணக்கன்:

நான் விட்டுவைத்த பகுதியை உப்பளத்தான் எடுத்துவிட்டார். பிரித்தெடுக்காமல் பயன்படுத்தும் இடம் ஏதாவது இருந்தால் மட்டுமே இந்த வழிக்குக் கணக்கு ஒத்துவரும்.

குவளை:

எல்லோரும் சொன்னதை வைத்து என் ஆய்வுக் கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கிறது. உர ஆலைக்கு மாற்று என்ற பேச்சை முன்னுரையிலிருந்து எடுத்துவிடுகிறேன். நைட்ரேட்டை நீக்கியே ஆக வேண்டிய ஓர் இடத்தில், பாக்டீரியா வேலை செய்ய முடியாத அளவுக்கு உப்போ அமிலமோ மிகுந்திருக்கும்போது, மின்முனை வழி நிற்குமா என்பதே இனி நான் கேட்க வேண்டியது. யூரியா அங்கே கூடுதல் வரவு.

ஆனால் அப்படிப் பார்த்தாலும் அறிவியல் சுவை குறையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இண்டியம் ஹைட்ராக்சைடு குழு, நைட்ரேட் ஓர் ஆக்சிஜனை இழந்த நிலையிலேயே கார்பன் டை ஆக்சைடோடு இணைந்துவிடுகிறது என்று வாதிட்டது. வேறு பலர், கார்பன் மோனாக்சைடு வரை ஒரு பக்கமும், அமினோ நிலை வரை மறுபக்கமும் ஒடுங்கிய பிறகே இணைவதாகக் கணக்கிடுகிறார்கள். முன்னதாக இணைந்தால் அம்மோனியாவாக ஓடிப்போகும் நைட்ரஜன் குறையும். பிந்தி இணைந்தால் இரண்டு இடைநிலைகளும் ஒரே வேகத்தில் பிறந்து பக்கத்துப் பக்கத்துத் தளங்களில் காத்திருக்க வேண்டும். துத்தநாகத்தையும் தாமிரத்தையும் கலப்பதன் நோக்கமே வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். வினையூக்கியும் நாம் வைத்தபடி இருப்பதில்லை: சீரியம் ஆக்சைடு மேல் தனித்தனி அணுக்களாக வைத்த தாமிரம், மின்னழுத்தம் கொடுத்ததும் நான்கு அணுக் கொத்துகளாகத் திரண்டு வேலை செய்து, நிறுத்தியதும் மீண்டும் பிரிந்துவிடுவதை 2023இல் ஒரு சீனக் குழு காட்டியிருக்கிறது.

உப்பளத்தான் அவர்களிடம் ஒரு கேள்வி. அயனிப் பரிமாற்றப் பிசினால் நைட்ரேட்டை நீக்கும் நிலையங்களில், பிசினை உப்புநீரால் மீட்கும்போது நைட்ரேட் செறிந்த கழிவு கிடைக்கிறது. அதை ஊட்டக் கரைசலாக எடுத்துக்கொள்ளலாமா?

உப்பளத்தான்:

எடுக்கலாம், ஆனால் அதிலுள்ள குளோரைடை மறந்துவிடாதீர்கள். கலத்தைச் சவ்வால் பிரிக்காவிட்டால் குளோரைடு நேர்மின்முனையில் குளோரினாகும். குளோரின் காரக் கரைசலில் ஹைப்போகுளோரைட் ஆகும். ஹைப்போகுளோரைட் யூரியாவைக் குளோரமின்களாக்கி இறுதியில் நைட்ரஜனாகச் சிதைக்கும். நீச்சல் குளத்தில் வரும் நெடி இந்த வினையின் உறவுதான். ஆகவே நேரயனிப் பரிமாற்றச் சவ்வு கட்டாயம் வேண்டும். நேர்மின்முனைப் பக்கம் குளோரைடு இல்லாத கரைசலை ஓட்டுங்கள். அப்போதும் யூரியா மின்சுமையற்ற மூலக்கூறு என்பதால் சவ்வு அதை முழுவதும் தடுக்காது, கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கம் கசியும். நேர்மின்முனை நிக்கலானால் அது யூரியாவை மகிழ்ச்சியாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும்.

நிறமானி:

அப்படியானால் நேர்மின்முனைப் பக்கக் கரைசலிலும் யூரியாவை அளக்க வேண்டும், குவளை அவர்களே. பெரும்பாலான கட்டுரைகள் எதிர்மின்முனைப் பக்கத்தை மட்டும் அளக்கின்றன. குளோரைடுள்ள ஊட்டக் கரைசலுக்கு நிறமுறையின் அளவுகோட்டையும் (நிறத்தின் அடர்வை யூரியா அளவாக மாற்றும் கோடு) அதே உப்புச் செறிவில் புதிதாக வரைந்துகொள்ளுங்கள். தூய நீரில் வரைந்த கோடு பொருந்தாது.